கொல்லைக் கோப்பி

இலங்கைக் கோப்பியின் கதையைப் பாடப் புத்தகம் ஒரு பத்தியில் முடித்துவிடும். துரைமார் காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள், 1869-இல் இலைநோய் வந்தது, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பரீட்சைக்கு இது போதும். ஹாலிஎலயில் குடியிருக்கிறவனுக்குப் போதாது. பதுளை – பண்டாரவளை வீதியை விட்டு இறங்கி, கிராமத்துப் பாதைகளில் ஏறிப் பாருங்கள். பலா மரத்துக்குக் கீழே, கமுகுகளுக்கு இடையே, மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில் கோப்பி நிற்கிறது. வரிசை பிடித்து நட்டது இல்லை. பாட்டன் நட்டதும், பறவை போட்டு முளைத்ததும், விவசாயத் திணைக்களத்துக்காரர் கொடுத்த புதிய கன்றும் கலந்து நிற்கின்றன.

சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழக் காலத்தில் இந்தக் கொல்லைகளின் கோப்பியைச் சேர்த்து விற்கும் ஒரு சிறு கூட்டுக்கு நிறுவைக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கொட்டை வேறு ஊர்க் கொட்டையோடு கலக்காமல், ஹாலிஎல என்ற பெயரோடு பையில் அடைபடுகிறது. நகரத்துக் கோப்பிக் கடைக்காரர்கள் இதை ‘சிங்கிள் ஒரிஜின்’ என்று சொல்லி, சாதாரணக் கோப்பியைவிடக் கூடிய விலை கொடுக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயருக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோப்பிச் செடி இந்தத் தீவுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்ததல்ல. அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் அது நின்றது. இலையைக் கறிக்குப் போட்டார்கள், பூவை விகாரைக்குக் கொண்டுபோனார்கள். கொட்டையை வறுத்துக் குடிப்பது பிறகு வந்த பழக்கம். ஒல்லாந்தர் 18-ஆம் நூற்றாண்டில் கரையோரத் தாழ்நிலத்தில் பயிரிட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கோப்பிக்கு மலை வேண்டும். மலையோ கண்டி அரசனிடம் இருந்தது.

1815-இல் கண்டி வீழ்ந்தது. 1817–18-இல் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தன. அதை அடக்க வந்த படை வயலை எரித்தது, மாட்டைக் கொன்றது, பழ மரங்களை வெட்டியது. எங்கள் மாகாணத்தின் கோப்பி வரலாற்றை இந்தச் சாம்பலிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஊரை வறுமையாக்கிய பிறகுதான் அந்த ஊரில் காணி மலிந்தது.

கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி போட்டது 1820-களின் நடுவில். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொறுவையில் ஒரு தோட்டம் வைத்தார். 1835-இல் பிரித்தானியச் சந்தையில் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இலங்கைக் கோப்பிக்கும் ஒரே தீர்வை என்றானது. அதே காலத்தில் அடிமைமுறை ஒழிந்து ஜமைக்காவின் கோப்பித் தோட்டங்கள் சரிந்தன. இலண்டனில் வெறுமையான இடத்தை நிரப்ப இலங்கை மலைகள் தயாராயின. 1840-ஆம் ஆண்டு 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்கு அது போனது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே ஏராளம்.

மலையைத் துளைத்த பாதைகளும் அப்போதுதான் வந்தன. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் ஊவாவுக்குப் பாதை போட்டவர், யானை வேட்டைக்காரர் என்றும் பெயர் எடுத்தவர். 1845 ஜூன் மாதம் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பதுளை நகரத்தின் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. அவர் பெயர் பொறித்த கல்லை இன்றும் பார்க்கலாம். பாதையில் கல் உடைத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பாடப் புத்தகம் விட்டுவிடும் முதல் விஷயம் இதுதான்: கோப்பிக் காலம் முழுவதும் ஏற்றுமதியில் பெரும் பங்கு கிராமத்தாருடையது. சில ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சுங்கக் கணக்கில் ‘தோட்டக் கோப்பி’ என்று ஒரு பத்தி, ‘சுதேசிக் கோப்பி’ என்று ஒரு பத்தி இருந்தன. சுதேசிக் கோப்பிக்கு விலை குறைவு. காரணம் செடியில் இல்லை, அதைப் பதப்படுத்திய விதத்தில் இருந்தது. துரை தோட்டத்தில் பழத்தை அரைத்து, கழுவி, காயவைக்க இயந்திரமும் தொட்டியும் இருந்தன. கிராமத்தில் களவு போகுமுன் காயும் பழமுமாக ஒரே உருவலாக உருவி, முற்றத்தில் காயப்போட்டு, உரலில் குத்தினார்கள். வாசலுக்கு வந்து வாங்கியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகள். உப்பும் கருவாடும் துணியும் கொடுத்து, பாக்கும் கோப்பியும் பொதிமாட்டில் ஏற்றிப் போனார்கள். மலைநாட்டுக் குடியானவன் கையில் காசு புழங்கியது அந்தக் கோப்பியால்தான். அந்தக் காசுதான் நெல்வரி கட்டியது.

இரண்டாவது விஷயம் எங்கள் சனங்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணி பின்னால் கூட்டமாக வந்தவர்கள். பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறினார்கள். ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கு அப்பாலும் மலை மலையாக நடக்கவேண்டியிருந்தது. தண்ணீர் கிடையாது, காய்ச்சலும் வாந்திபேதியும் உண்டு. வழியில் விழுந்தவர்களின் சரியான எண்ணிக்கையை யாரும் எழுதி வைக்கவில்லை.

அவர்களில் பெரும்பாலோர் இங்கேயே தங்குவதற்கு வந்தவர்களல்ல. கோப்பிக்கு ஆள் தேவைப்படுவது பழக் காலத்தில்தான். பழம் எடுத்து முடிந்ததும், கங்காணியிடம் பட்ட கடன் போக மிஞ்சியதை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்; அடுத்த பழத்துக்கு மறுபடி நடந்தார்கள். பறித்த பழம் தோல் நீங்கி, மாட்டு வண்டியில் கொழும்புக்குப் போனது. பதுளையிலிருந்து அல்துமுல்லை இறங்கி இரத்தினபுரி வழியாக அந்த வண்டிகள் போயின. கொஞ்சம் களுகங்கையில் படகும் ஏறியது. கொழும்புக் களஞ்சியங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கொட்டையைத் தரம் பிரித்தார்கள்.

இந்த வாழ்வுக்கு ஒரு தமிழ்ப் பதிவு உண்டு. ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’, 1869-இல் வெளியானது. மலையக இலக்கியத்தின் தொடக்கமாக ஆய்வாளர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் இடத்தில் நின்று எழுதியது. காடு வெட்டுவதிலிருந்து கோப்பி வேலை முழுவதையும் கும்மி மெட்டில் சொல்கிறது. துரைத்தனத்துக்கு ஆதரவான நூல் என்று குறை சொல்வார்கள். அது நியாயமான குறைதான். ஆனாலும் அந்தக் காலத்துக் கோப்பி மலையைத் தமிழில் அச்சில் பார்க்க நமக்குக் கிடைத்த முதல் வாசல் அது.

அந்தக் கும்மி அச்சேறிய அதே 1869-ஆம் வருடம், எங்கள் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில், ஒரு தோட்டத்தின் சில செடிகளில் இலையின் அடியில் மஞ்சள் புள்ளி கண்டார்கள்.

இந்த நோயை ஹாலிஎலக் கொல்லைகளில் இன்றும் பார்க்கலாம். மேலிருந்து பார்த்தால் இலையில் வெளிறிய ஒரு வட்டம், அவ்வளவுதான். இலையைத் திருப்பினால் அந்த வட்டத்துக்கு நேர் அடியில் செம்மஞ்சள் தூள், மிளகாய்த்தூளோடு மஞ்சளைக் கலந்து தூவினது போல. பெருவிரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும். ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. ஈரமான இலையில் விழுந்தால் முளைத்து, இலையின் மூச்சுத்துளை வழியாக உள்ளே போய்விடும். செடி உடனே சாவதில்லை. இலையைக் கொட்டும், மறுபடி தளிர்க்கும், மறுபடி கொட்டும். காய்க்கத் தெம்பில்லாமல் நுனியிலிருந்து காய்ந்து வரும்.

பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண அறிஞர் பெர்க்லி அதைப் பார்த்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். துரைமார் முதலில் பொருட்படுத்தவில்லை. அதற்குக் காரணம் விலை. விளைச்சல் இறங்க இறங்க உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. நட்டத்தை விலை மூடி மறைத்தது. நோய் கண்ட பிறகுதான் அதிகமான புதுக் காடு வெட்டினார்கள். 1870-இல் ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைத் தாண்டியிருந்தது. உலகில் பிரேசிலுக்கும் ஜாவாவுக்கும் அடுத்த இடத்தில் இலங்கை இருந்தது. 1878 அளவில் கோப்பி நின்ற நிலம் சுமார் 2,75,000 ஏக்கர். ஆனால் ஏக்கருக்கு நாலரை அந்தர் அளவில் காய்த்த மலை, அந்தப் பத்து வருடத்துக்குள் இரண்டு அந்தர் அளவுக்கு வந்துவிட்டது.

1880-இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் நோயை ஆராய இலங்கைக்கு வந்தார். கண்ணாடித் தகடுகளை வெளியில் வைத்து, காற்றில் பறக்கும் வித்துகளைப் பிடித்துக் காட்டினார். மலைக்கு மலை இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை நட்டால் காற்றுக்கும் நோய்க்கும் தடை எங்கே என்று கேட்டார். காற்றை மறிக்க இடையிடையே மர வரிசை வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி, காலந்தான் கடந்துவிட்டது. 1884-இல் துரைமாருக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. மழை குறைந்த ஊவாவில் கோப்பி மற்ற இடங்களைவிடச் சில வருடம் கூடத் தாக்குப்பிடித்தது. 1880-களில் பச்சைச் செதில் பூச்சி வந்து அதையும் முடித்தது. 1890-களில் நாட்டின் முழு ஏற்றுமதியும் ஒரு இலட்சம் அந்தருக்கும் கீழே.

ஊவாக் கோப்பியைக் கொண்டுபோகவேண்டும் என்று துரைமார் வருடக்கணக்காகக் கேட்ட இரயில் பாதை அப்புத்தளைக்கு வந்தது 1893-இல், ஹாலிஎலயைக் கடந்து பதுளைக்கு வந்தது 1924-இல். அது ஏற்றிப் போனது தேயிலையை. தோமஸ் லிப்டன் 1890-இல் தம்பேதன்னையையும் சுற்றுத் தோட்டங்களையும் வாங்கியது, விழுந்த கோப்பி மலைகளின் விலையில். பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெலித் தோட்டத்தை நடத்திய இலண்டன் கம்பெனியும், ஊவாவின் பெயரையே கொண்ட இன்னொரு கம்பெனியும் கோப்பிக் கம்பெனிகளாகப் பிறந்து தேயிலைக் கம்பெனிகளாக மாறியவை.

துரை மாறிக்கொண்டான். மற்ற இருவருக்கும் என்ன நடந்தது?

கிராமத்தானுக்குக் கோப்பிக் காசு நின்றது, நெல்வரி நிற்கவில்லை. வரி கட்டாத வயலை அரசாங்கம் ஏலம் போட்டது. 1880-களில் வலப்பனை, உடஹேவாஹெட்டப் பக்கங்களிலும் பதுளை மாவட்டத்திலும் சொற்பப் பாக்கிக்காகக் குடும்பங்கள் வயலிழந்தன. பட்டினியும் சாவும் தொடர்ந்தன. நுவரெலியாவில் அதிகாரியாக இருந்த லெ மெசூரியர் அதை வெளியே கொண்டுவந்தார். 1892-இல் அந்த வரியை நீக்கத் தீர்மானித்தார்கள். இலைநோய் என்றால் துரைமார் வங்குரோத்தான கதையாகவே சொல்கிறோம். அந்த நோய்க்காகத் தலைமுறை வயலை ஏலத்தில் விட்டவன் ஊவாக் குடியானவன்.

தோட்டத் தமிழனுக்கு வேறு விதமாக நடந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் தென்னிந்தியா பட்டினியில் கிடந்தபோது, செத்துக்கொண்டிருந்த கோப்பியை நம்பியே கூட்டங்கூட்டமாக வந்தார்கள். துரை முறிந்த இடத்தில் சம்பளமும் முறிந்தது. பிறகு தேயிலை. கொழுந்து வருடம் முழுவதும் தளிர்க்கும். அதற்கு நிரந்தரமாக ஆள் வேண்டும், பெண்டு பிள்ளைகளோடு வேண்டும். பழத்துக்கு வந்து போனவர்கள் லயத்துக்குள் குடியானார்கள். மலையகத் தமிழர் என்ற ஒரு சமூகம் இந்த மண்ணில் ஊன்றியதற்கு அந்த இலைப்புள்ளியும் ஒரு காரணம்.

கொல்லையில் நின்ற கோப்பி மட்டும் முற்றாகப் போகவில்லை. நோய் அதையும் பிடித்தது, காய்ப்பு குறைந்தது. ஆனால் பலாவும் கமுகும் காற்றை மறித்தன. பத்துச் செடிக்கும் அடுத்த பத்துச் செடிக்கும் இடையில் வேறு மரங்கள் நின்றன. வார்ட் சொன்ன வைத்தியம் கிராமத்துக் கொல்லையில் ஏற்கெனவே இருந்தது. வங்கிக் கடன் வாங்கி வைத்த செடி அல்ல என்பதால், காய்ப்பு குறைந்ததும் பிடுங்கி எறியும் அவசரமும் இல்லை. பின்னாளில் நோய் தாங்கும் ரொபஸ்டாவும் வந்து கலந்தது. நூறு வருடமாக வருடத்துக்கு ஒரு சாக்கு, இரண்டு சாக்கு. சந்திக் கடைக்காரர் நிறுத்து எடுத்தார். மிச்சத்தை வீட்டில் கருக வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்து, காய்ச்சல் தடிமனுக்குக் குடித்தார்கள். ஏற்றுமதிப் பட்டியலில் பெரிதாகத் தெரியவில்லை என்பதற்காக அதை இல்லாத கோப்பியாக்கிவிட முடியாது.

இப்போது மாறியிருப்பது பதப்படுத்தும் முறைதான். சுதேசிக் கோப்பிக்கு 150 வருடமாக ஒட்டியிருந்த கெட்ட பெயரை எங்கள் நிறுவை மேசையில் கழுவிக்கொண்டிருக்கிறோம். நன்றாகச் சிவந்த பழம் மட்டுந்தான் எடுப்போம். தராசுக்கு முன்னால் ஒரு பெரிய வாளித் தண்ணீர் இருக்கும். கொண்டுவந்த பழத்தை அதில் கொட்டினால் வண்டு துளைத்ததும் உள்ளீடு இல்லாததும் மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்து உரியவரிடமே கொடுத்துவிடுவோம். அது சந்திக் கடைக்குப் போகும். அடியில் தங்கியதுதான் நிறுவைக்கு. அன்றைக்கே தோல் நீக்கி, கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பு விடும்வரை ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறவைத்துக் கழுவுவோம். பிறகு வலை அடித்த மேடையில் பரப்பி, மணிக்கு ஒரு தரம் கிளறி, ஈரம் 12 வீதத்துக்கு இறங்கும்வரை காயவைப்போம். ஊவாவுக்கு மழை வாடைக்காற்றோடு வருகிறது. பழுக்கிற காலமும் அதுதான். கரு மேகத்தைக் கண்டால் தார்ப்பாய் இழுக்க ஓடவேண்டும். இத்தனைக்கும் பிறகு ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை மிஞ்சும்.

புதிய கன்றுகளில் கற்றிமோர் இனம் உண்டு. திமோர் தீவில் அரபிக்காவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்து பிறந்த ஒரு செடியின் வழிவந்தது. நோய் தாங்குவதற்காகவே ஆராய்ச்சியாளர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். மடுல்சீமையில் கண்ட புள்ளிக்கு உலகம் தேடிய மருந்தில் ஒரு துளி எங்கள் கொல்லைக்கும் வந்திருக்கிறது.

போன பழக் காலத்தில், பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர் ஒரு சொப்பிங் பையில் பழம் கொண்டுவந்தார். லயத்துக் கோடியில், காய்கறித் துண்டுக்கு வேலியாக நின்ற செடிகளில் பறித்தது. வாளியில் கொட்டினோம். மிதந்தது ஐந்தாறு பழந்தான். அவ்வளவு நேர்த்தியாகப் பறித்திருந்தார். கொழுந்தில் பழகிய கை.

“எங்க பழத்தையும் எடுத்துக்குவீங்களா மாஸ்டர்?” என்று கேட்டார்.

நிறுத்துக் காசு கொடுத்துவிட்டோம். ஆனால் அங்கத்தவர் புத்தகத்தில் அவர் பெயரை எழுத முடியவில்லை. காணி உறுதி அல்லது அனுமதிப் பத்திரம் உள்ளவர்தான் அங்கத்தவர் என்று விதி இருக்கிறது. அங்கத்தவர் இல்லாதவருக்கு வருட முடிவில் இலாபப் பங்கு இல்லை, கன்று இல்லை, பயிற்சி இல்லை.

அவரிடம் உறுதி இல்லாததற்குக் காரணம் அவர் அல்ல. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை ஆடு மாடு போல எண்ணிப் பங்கிட்டது. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோது, அந்த மண்ணில் தலைமுறையாக உழைத்தவருக்குத் துண்டுக் காணி கிடைக்கவில்லை. குடியுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 2003 வரை போனது. இப்போது தனிவீடு கட்டிக் கொடுக்கும் இடங்களில் 7 பேர்ச், சில திட்டங்களில் 10 பேர்ச். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். 7 பேர்ச்சில் வீடும் கக்கூசும் போக, வேலியோரமாகப் பத்துப் பதினைந்து கோப்பிச் செடி வைக்கலாம்.

அந்தப் பத்துப் பதினைந்து போதும் என்று நான் சொல்லவில்லை. அது தொடக்கம். ஹாலிஎலயைச் சுற்றிய தோட்டங்களில் தேயிலை முதிர்ந்து, மானாப் புல் மண்டிக் கிடக்கும் மலைகள் இருக்கின்றன. அவற்றை அங்கே வேலை செய்யும் குடும்பங்களுக்குத் துண்டு துண்டாக நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தால், நிழல் மரத்தோடு கோப்பியும் மிளகும் வைக்கத் தெரிந்த கைகள் லயத்தில் இருக்கின்றன. பழம் பறிக்க இந்த நாட்டுக்கு வந்த சனம் அது.

ஊர்ப் பெயருக்கு விலை கிடைக்கிறது என்றால், அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் இரண்டு பேர்: இலைநோயிலும் ஏலத்திலும் தப்பிக் கொல்லையில் செடியைக் காப்பாற்றிய சிங்களக் குடியானவன், வன்னிக் காட்டைக் கால்நடையாகக் கடந்துவந்து மலையைக் கோப்பி மலையாக்கிய தமிழன். முன்னவன் பெயர் எங்கள் அங்கத்தவர் புத்தகத்தில் இருக்கிறது. அது வந்த பாதையை நினைத்து மகிழ்கிறேன். பின்னவன் பெயரும் அதே புத்தகத்தில் ஏறவேண்டும். வருகிற பொதுக்கூட்டத்தில் விதியைத் திருத்தக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காணியை வைத்து அங்கத்துவம் கொடுப்பதை விட்டு, செடியை வைத்துக் கொடுப்போம். பத்துச் செடியில் சிவந்த பழம் கொண்டுவருகிறவர் லயத்தில் இருந்தாலும் கிராமத்தில் இருந்தாலும் அங்கத்தவர். காணி உறுதிக்காக வேறு இடத்தில் போராடுவோம். அது கிடைக்கும்வரை அவருடைய இலாபப் பங்கை நாம் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை.